நாலு நிறக் குறிப்புகள்

"எவ்வளவு படிச்சாலும் மண்டையில நிக்க மாட்டேங்குது மேடம்," என்றாள் இசக்கியம்மாள்.

பள்ளிக்கூட வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு, நாற்பத்தொரு வயதில் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள். அவளுடைய நெறியாளர் நஸ்ரின் அவளைவிட இளையவர்.

வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு முன்னால் பேச வேண்டும். போன முறை குழுத் தலைவர், "எல்லாரும் சொன்னது சரி, நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டபோது திருதிருவென்று விழித்தாள். இந்த முறையும் விழித்தால் பதிவு ரத்து.

"குறிப்பு எடுத்திருக்கீங்களா?"

எடுக்காமலா! பெருமையோடு குறிப்புக் கட்டை நீட்டினாள். தலைப்புக்குப் பச்சை, விவரத்துக்கு நீலம், முடிவுக்குச் சிவப்பு, மிச்சத்துக்குக் கறுப்பு. படித்த கட்டுரையைவிடக் குறிப்பு நீளம்.

நஸ்ரின் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். பெண்பிள்ளைகள் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுவதைப் பற்றி முன்பு அவரே எழுதிய கட்டுரையின் குறிப்பு.

"இந்தக் கட்டுரை எப்படி?"

"அருமை மேடம்."

"எது அருமை?"

இசக்கியம்மாள் பேனாவைத் திறந்து அந்தக் கேள்வியையும் குறித்துக்கொள்ளப் போனாள்.

"பேனாவை மூடுங்க. நீங்க எழுதினதை வாய்விட்டுப் படிங்க. ஒப்பிக்க வேண்டாம். என்கிட்ட சண்டைக்கு வந்த மாதிரி படிங்க."

இதென்ன கூத்து என்று நினைத்துக்கொண்டே படித்தாள்.

"வீடு வீடாகச் சென்றோம். பகலில் வீட்டில் இருந்த தாத்தா பாட்டிகளே பெரும்பாலும் பதில் அளித்தனர்."

அது நீலம். இன்னும் நாலு வரி போனதும் சிவப்பு வந்தது.

"பெண் கல்வியில் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்பது இதனால் தெளிவாகிறது."

அடுத்த வரிக்கு வாய் போகவில்லை. நீலத்துக்குத் திரும்பினாள். மறுபடியும் சிவப்புக்கு வந்தாள். இரண்டையும் அவள் கைதான் எழுதியிருக்கிறது, அடிக்கோடு வேறு போட்டு!

அவளுடைய ஆய்வுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவரே இவர்தான்.

"தப்பா நினைக்காதீங்க மேடம்..."

"நினைச்சா நினைச்சுட்டுப் போறேன். சொல்லுங்க."

"கேட்டது தாத்தா பாட்டிகிட்ட. பழி போட்டது அப்பா அம்மா மேல."

நஸ்ரின் குறிப்புக் கட்டை வாங்கித் தன் மேசை டிராயருக்குள் போட்டு மூடினார்.

"வெள்ளிக்கிழமை இது இல்லாம வாங்க."

வெள்ளிக்கிழமை வெறுங்கையோடு நின்றாள். எதிரே குழு, அதில் ஓரமாக நஸ்ரின். தலைவர் அதே கேள்வியைக் கேட்டார்.

"நஸ்ரின் மேடம் கட்டுரையோட முடிவை நான் ஒத்துக்கல சார். அதுல அப்பா அம்மாவை யாரும் சரியா கேக்கவே இல்ல. அவங்க வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தப்புறம் நான் போய்க் கேக்கப் போறேன்."

குரல் நடுங்கும் என்று பயந்திருந்தாள். நடுங்கவில்லை. அவளுக்கே சந்தோஷமாக இருந்தது.

தலைவர் நஸ்ரின் பக்கம் திரும்பினார்.

"என்னங்க மேடம், உங்க மாணவி உங்களையே..."

நஸ்ரின் குனிந்த தலை நிமிரவில்லை.

"கொஞ்சம் இருங்க சார். அவங்க சொன்னதை எழுதிக்கிட்டிருக்கேன்."