யாரும் இழுக்காத மணி

தேரி என்கிற செம்மணல் மேடுகளுக்கு நடுவில் இருக்கிற கிருபைவிளை சபைக்கு ஒரு பெண் போதகர் இருந்தார். ஊர் அவரை ஐயரம்மா என்று கூப்பிட்டது. அந்தப் பக்கத்தில் போதகரை ஐயர் என்பார்கள்; மற்ற ஊர்களில் ஐயரம்மா என்பது அந்த ஐயரின் மனைவிக்கு உள்ள பேர். இங்கே ஐயரும் அவர்தான், ஐயரம்மாவும் அவர்தான். அதில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை.

அவருக்குச் சீடர் என்று ஒருவர் உண்டென்றால் அது உபதேசியார் ஞானாபரணம். ஐயரம்மாவைவிட வயதில் மூத்தவர். வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணுவது, மணி அடிப்பது, எழுத்து வேலை எல்லாம் அவர் பொறுப்பு. தங்கமான மனுஷன்தான். ஆனால் சபைக் கமிட்டிச் செயலாளர் லேசாக இருமினால் போதும், இவருக்கு இங்கே காய்ச்சல் வந்துவிடும்.

மணிக்கூண்டில் இரண்டு மணிகள் தொங்கின. ஆண் செத்தால் பெரிய மணி, பெண் செத்தால் சின்ன மணி. பெரிய மணி கேட்டால் ஆண்கள் தோளில் துண்டும் கையில் வாளியுமாகக் கிளம்புவார்கள். சின்ன மணி கேட்டால் பெண்கள். உடம்பைக் குளிப்பாட்டப் போவது யார் என்று மணிதான் சொல்லும்.

சபையார் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லித் திருமண்டலத் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. “இனிமே மணி அடிக்கிறதும் அதைப் பாத்துத்தான்” என்று செயலாளர் சொல்லிவிட்டார். ஞானாபரணம் ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பேர்களை ஏற்றினார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது, அருள்மலரின் முறை வரும்வரை.

ஆண்பிள்ளை என்று ஞானஸ்நானம் கொடுத்து அருள்தாசன் என்று பேர் வைத்த பிள்ளை அது. வளர்ந்ததும் திருநங்கையாக ஊரைவிட்டுப் போய், தூத்துக்குடியில் தையல் கடை வைத்துப் பிழைத்து, இப்போது நெஞ்சு நோயோடு திரும்பியிருந்தாள். கோயிலில் பெண்கள் பக்கம் கடைசிப் பாயில் உட்காருவாள். பார்க்கிறவர்களிடம் எல்லாம் அவள் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: “நான் போயிட்டா ஆம்பிளைங்க என்னைக் குளிப்பாட்டக் கூடாது.”

ஞானாபரணம் பேரை அருள்மலர் என்றே போட்டார். அதற்கு அடுத்த கட்டத்தில் ஆணா பெண்ணா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஞானஸ்நானப் பதிவில் என்ன இருக்கிறதோ அதைப் போடுவோம், நமக்கு எதற்கு வம்பு என்று நினைத்தார். ஆண் என்று போட்டார்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் பெரிய மணி அடித்தது.

ஞானாபரணம் ஓடினார். கூண்டுக்குள் ஆள் இல்லை. கயிறு, அவர் சுற்றி மாட்டிய கொக்கியிலேயே சுற்றியபடி இருந்தது. அவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே மேலே மணி இன்னொரு தரம் அடித்தது, கயிறு அசையவில்லை.

வெளியே ஆண்கள் துண்டும் வாளியுமாக வந்து நின்றார்கள்.

“யாரு உபதேசியாரே?”

“யாரும் இல்லப்பா. காத்தா இருக்கும்.”

மரத்தில் ஓலை அசையவில்லை. அவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

மறுநாளும் அடித்தது. இந்தத் தடவை யாரும் கோயிலுக்கு வந்து கேட்கவில்லை. ஆண்கள் அவரவர் வீட்டிலிருந்து இறங்கி, வாளியோடு, வாய் பேசாமல் ஒரே பக்கமாக நடந்தார்கள். எங்கே போகிறோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஞானாபரணம் பின்னாலேயே ஓடினார். அருள்மலர் வீட்டு வாசலில் போய் எல்லோரும் நின்றார்கள்.

கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

“நான் இன்னும் சாகலை” என்றது அருள்மலரின் குரல். “போயிருங்க.”

ஆண்கள் தூக்கத்திலிருந்து விழித்தவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஞானாபரணம் திரும்பி ஓடினார். நேரே ஐயரம்மாவிடம் வந்தார்.

“நான் பதிவுல உள்ளதைத்தாம்மா போட்டேன். மணி ஏன் அடிக்கி?”

ஐயரம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “போட்டது சரியான்னு பாருங்க.”

ஞானாபரணம் போய், ஆண் என்று போட்டதை எடுத்துவிட்டார். கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் பேரை வைத்துக்கொள்ளாது. அருள்மலர் என்கிற பேரே போய்விட்டது. அடுத்த நாள் மணி அடிக்கவில்லை. ஞானாபரணம் இரண்டு நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அருள்மலர் வழக்கமான பாயில் உட்கார்ந்திருந்தாள். பிந்தி வந்த ஒரு பெண் அவள் மடிமேலேயே உட்காரப் போனாள், ஏதோ குளிர்ந்தது போல விலகினாள். இங்கே ஆள் இருக்கு என்று பக்கத்தில் இருந்தவர்களும் சொல்லவில்லை. பாட்டுப் புத்தகம் கொடுத்துக்கொண்டு வந்த ஞானாபரணமும் அவளைக் கடந்து போய், அடுத்த ஆளுக்கு நீட்டினார். நீட்டிய பிறகுதான் திரும்பிப் பார்த்தார். கண்ணுக்குத் தெரிந்தாள். ஆனால் முகம் பிடிபடவில்லை.

ஆராதனை முடிந்து அவர் கதவைச் சாத்தும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நின்றார்கள்.

“உபதேசியாரே, நான் இருக்கேனா?”

அவர் திரும்பினார். அருள்மலர் நின்றிருந்தாள்.

“காலையில இருந்து யாரும் என்கிட்டப் பேசலை. நாய்கூடக் குலைக்கலை. அதான் கேக்கேன்.”

அழுகை வந்துவிட்டது மனுஷனுக்கு. ஐயரம்மா வீட்டு நடையில் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“ஆண்னு போட்டா மணி அடிக்கி. போடாம விட்டா ஆளே மங்கிப் போறா. பெண்ணுன்னு போட்டா கமிட்டி என்னை அடிக்கும். நான் என்னம்மா செய்ய?”

“யாரைக் கேட்டுப் போட்டீங்க?”

“பதிவைப் பாத்து.”

“எடுத்தது?”

“மணிக்குப் பயந்து.”

“அவ வீடு எவ்வளவு தூரம்?”

ஞானாபரணம் தலை குனிந்தார். கோயில் சுவரை ஒட்டின வீடு. எழுந்து போனார்.

அருள்மலர் வாசல் படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். அவர் அவளுக்கு எதிரே மணலில் உட்கார்ந்தார். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டு வாசலில் அவர் உட்கார்ந்தது இல்லை.

“அந்தக் கட்டத்துல என்ன போடட்டும்? நீ சொல்லு.”

“பெண்.”

“சரி.”

“எழுதிருவீங்க. மணியும் சின்ன மணியா அடிப்பீங்க” என்றாள் அருள்மலர். “அதைக் கேட்டு ஒரு பொம்பளையும் வரலைன்னா? நான் அப்படியே கிடப்பேனா?”

ஞானாபரணம் எழுந்தார். திரும்பி வந்து பேரை மறுபடி ஏற்றினார். கட்டத்தில் பெண் என்று போட்டார். பொழுது சாயும்வரை மணிக்கூண்டுக்குக் கீழே நின்றார். இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு மணியும் வாய் திறக்கவில்லை. தெருவில் யாரோ, “மலரு, சாப்பிட்டியா?” என்று கேட்டார்கள். சாப்பிட்டேன் என்று அவள் சொன்னதும் அவர் காதில் விழுந்தது.

அப்படியும் அவருக்கு மனசு ஆறவில்லை. ஐயரம்மாவிடம் போனார்.

“அவ கேட்டதுக்கு நான் பதில் சொல்லலைம்மா.”

“என்ன கேட்டா?”

“சின்ன மணி அடிச்சு, பொம்பளைங்க ஒருத்தரும் வரலைன்னா என்ன செய்யன்னு கேட்டா.”

அந்தப் பக்கத்தில் எந்த ஐயரும் பிணத்தைத் தொட்டுக் குளிப்பாட்டியது கிடையாது. அவர்கள் ஜெபம் பண்ணுவார்கள், மண் போடுவார்கள், அதோடு சரி. ஐயரம்மா அடுக்களைக்குள் போய் ஒரு வெங்கலக் குடத்தை எடுத்து வந்து ஞானாபரணத்தின் கையில் கொடுத்தார்.

“அன்னைக்கு வாசல் வரைக்கும் தண்ணி நீங்க கொண்டு வாங்க” என்றார். “உள்ள நான் இருப்பேன்.”