பாவாயிக்கு ஒரு நாட்டுக்கோழி முட்டை

ஓணாங்கரட்டில் அத்தப்பன், நாச்சிமுத்து, சென்னியப்பன் என்று மூன்று அண்ணன் தம்பிகள் இருந்தார்கள். அவர்களை ஊரில் யாரும் முட்டாள் என்று திட்டுவதில்லை. திட்டினால், "எங்க மூணு பேர்ல யாரைச் சொல்றீங்க?" என்று வழிமறித்து நின்று, பெயரைச் சொல்லும் வரை விடமாட்டார்கள். யாருக்கு அவ்வளவு பொழுது இருக்கிறது?

மூவருக்கும் ஒரே தங்கை, பாவாயி. கரூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தார்கள். தலைப்பிரசவத்துக்கு அவள் பிறந்த வீட்டுக்கு வரவேண்டிய சமயம். அம்மா அப்பா இல்லாத வீடு. அண்ணன்களுக்கோ இன்னும் பெண் அமையவில்லை. "அந்த மூணு பேரை நம்பிப் புள்ளத்தாச்சியை எப்படி விடறது? நானே கூட வந்து பார்க்கறேன். சரிப்பட்டா விட்டுட்டு வர்றேன். இல்லைன்னா கையோட கூட்டிட்டு வந்துருவேன்" என்று பாவாயியின் மாமியார் மயிலாத்தாள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

அதைப் பாவாயி போனில் சொன்னாள். "அண்ணா, எனக்கு அங்கேயே இருக்கோணும். நம்மூட்டுக் கோழி போட்ட முட்டையத் திங்கோணும்னு ஆசையா இருக்குது."

நாச்சிமுத்துவுக்கு நெஞ்சு இளகிவிட்டது. சின்ன வயதில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தேர் பார்க்கப் போனவன் அவன்தான். "கூடை நிறைய வெக்கறேன் கண்ணு" என்று வாக்குக் கொடுத்தான். வீட்டில் கோழியே கிடையாது என்பது போனை வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது.

பக்கத்து வீட்டுப் பழனாத்தாக்கா கோழி வளர்த்து விற்கிறவள். அவளிடம் போய் நாலு கோழி வாங்கினார்கள்.

"எல்லாம் வெடக்கோழி. சீக்கிரமே முட்டைக்கு வந்துரும்" என்றாள் அவள். "நாயி, கீரி தூக்கிட்டுப் போயிரும். அதனால கோழி மேல எப்பவும் ஒரு கண்ணு இருக்கோணும். நேரா நேரத்துக்குத் தண்ணி காட்டுங்க. வேற ஒண்ணுமில்ல, போங்க."

வீட்டுக்கு வந்ததும் அத்தப்பன் தம்பிகளை உட்கார வைத்தான்.

"அக்கா சொன்னதைக் கேட்டீங்கல்ல? ஒரு கண்ணு. ரெண்டு கண்ணையும் வெச்சா கோழிக்குக் கண்ணுபட்டுப் போயிரும்."

"எந்தக் கண்ணுண்ணா? வலதா, இடதா?" என்றான் சென்னியப்பன்.

"வலது நமக்கு வேணுமே. சோறு திங்கறது வலப்பக்கமாத்தான."

நியாயமாகப்பட்டது. மூவரும் வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, இடது கண்ணைக் கோழிகள் மேல் வைத்தார்கள். வைத்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. ஆளுக்கு ஒன்று என்றால் மொத்தம் மூன்று கண்கள். கோழியோ நாலு.

நாச்சிமுத்துதான் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தான். "என்னோட இன்னொரு கண்ணையும் குடுத்துர்றேன். பாவாயிக்காக."

அண்ணனுக்கும் தம்பிக்கும் அழுகை வந்துவிட்டது, இடது கண்ணில் மட்டும்.

இரண்டு கண்ணையும் கோழிகளுக்குக் கொடுத்துவிட்ட நாச்சிமுத்துவுக்குத் தன் வழியைப் பார்க்கக் கண் மிச்சமில்லை. எனவே சென்னியப்பன் அவன் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனான். சென்னியப்பன் கண் வேறொரு கோழி மேல் இருந்தது. இருவரும் நேராகப் போய் எருக்குழியில் விழுந்தார்கள். கழுத்து வரை சாணியில் கிடந்தபோதும் நாச்சிமுத்து முகத்தைத் திருப்பித் தன் இரண்டு கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படிப்பட்ட பாசம்.

தண்ணீர் விஷயத்தில் அவர்கள் இன்னும் கவனமாக இருந்தார்கள். காலையில் அத்தப்பன் ஒரு குண்டான் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து கோழிகளின் முன்னால் நீட்டினான். கோழிகள் ஓடிவந்தன. "பார்த்துச்சா?" என்றான். "பார்த்துருச்சுங்ண்ணா" என்றான் நாச்சிமுத்து. குண்டானை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். மத்தியானமும் அப்படியே. அந்தக் கருப்புக் கோழி சரியாகப் பார்க்கவில்லை என்று சந்தேகம் வந்ததால் அதற்கு மட்டும் இன்னொரு தரம் காட்டினார்கள்.

பொழுது சாய்வதற்குள் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. வேலிக்கு மேலே எட்டிப் பார்த்த பழனாத்தாக்கா பதறிப்போனாள்.

"தண்ணி காட்டுனீங்களா இல்லையா?"

"காட்டுனோமுங்க்கா. நல்லா ஆசை தீரப் பார்த்துச்சுங்க."

"குடிச்சுதா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "குடிக்க உடலாமுங்களா?" என்று நாச்சிமுத்து மெதுவாகக் கேட்டான்.

பழனாத்தாக்கா அவளே வேலியைத் தாண்டி வந்து, ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். எதற்குக் கும்பிட்டாள் என்று தெரியவில்லை. ஆனாலும் இவர்களும் பதிலுக்குக் கும்பிட்டார்கள்.

கோழிகள் எப்படியோ பிழைத்து வளர்ந்தன. ஒருநாள் கருப்புக் கோழி கொக்கரித்துக்கொண்டே மூலை முடுக்கெல்லாம் தலையை விட்டுப் பார்த்தது. அடுப்படிக்குள் போனது, கட்டிலடியில் போனது, எதுவும் பிடிக்காமல் வெளியே வந்தது. அதற்கு ஏதோ நோவு என்று பயந்து நாச்சிமுத்து பழனாத்தாக்காவிடம் ஓடினான்.

"நோவெல்லாம் ஒண்ணுமில்ல. முட்டை வெக்க இடம் பார்க்குது" என்றாள் அவள். "நல்ல இடமாப் பார்த்துக் குடு."

பாவாயியும் மாமியாரும் வருவதாகச் சொன்ன நாள் நெருங்கிவிட்டது. தாமதிக்க நேரமில்லை. நாச்சிமுத்து கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அண்ணன் தம்பி பின்தொடர, மனை வாங்கி விற்கிற புரோக்கர் வரதராசுவைப் பார்க்கப் போனான்.

"யாருக்குங்க இடம்?" என்றார் வரதராசு.

"வெளியாளுக்கு இல்லீங்க. வீட்டுல இருக்கறவளுக்குத்தான். கொஞ்சம் அவசரமுங்க, இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்குது."

வரதராசு அவர்களை ஸ்கூட்டருக்குப் பின்னாலேயே நடத்திக் கூட்டிப்போய் ஒரு மனையைக் காட்டினார். நாச்சிமுத்து கோழியை இறக்கிவிட்டான். அது நாலு எட்டு நடந்துவிட்டுத் திரும்பிவிட்டது.

"பிடிக்கலீங்க" என்றான் அத்தப்பன்.

இரண்டாவது மனையில் கோழி மண்ணைக் கிளறியது. "மண்ணு எப்படின்னு பார்க்குது" என்றான் சென்னியப்பன் பெருமையோடு. "எங்களுக்கு இதெல்லாம் தோணாதுங்க."

வரதராசு புருவத்தைச் சுருக்கினார். "இடம் முடியட்டும். கோழி அறுக்கறதெல்லாம் பூமி பூசையன்னைக்குப் பார்த்துக்கலாம்."

நாச்சிமுத்து பதறிப்போய்க் கோழியின் காதைப் பொத்தப் போனான். காது எங்கே இருக்கிறது என்று தெரியாததால் தலையையே பொத்தினான். கோழி திமிறிக்கொண்டு ஓடி, ஸ்கூட்டர் பக்கத்தில் மல்லாந்து கிடந்த வரதராசுவின் ஹெல்மெட்டுக்குள் ஏறி உட்கார்ந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு நன்றாக அமர்ந்தது.

"பிடிச்சிருச்சு!" என்று மூவரும் கத்தினார்கள்.

"யோவ், அது என் ஹெல்மெட்டுய்யா!"

"இதுவும் உங்க இடந்தானுங்களா?" என்றான் அத்தப்பன் பணிவாக. "முன்னமே காட்டியிருந்தா இத்தனை அலைச்சல் இல்லீங்களே. பட்டா உங்க பேர்ல இருக்குதுங்களா?"

வரதராசு வாயைத் திறப்பதற்குள் கோழி எழுந்து நின்று ஊரே கேட்கும்படி கொக்கரித்தது. உள்ளே ஒரு முட்டை. நாச்சிமுத்து அதைத் தொட்டுப் பார்த்தான். சூடாக இருந்தது. வரதராசுவைக் கட்டிப்பிடித்து, "இடம் முடிஞ்சுருச்சுங்க! தாய்மாமன் ஆகப்போறேனுங்க!" என்று குதித்தான். முட்டையிலிருந்து வரப்போவது யார் என்று வரதராசுவுக்குக் குழப்பமாகிவிட்டது. "எடுத்துட்டுப் போங்கய்யா, என்னை விட்டாப் போதும்" என்று வெறுந்தலையோடு ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார்.

அன்றிலிருந்து கருப்புக் கோழிக்கு ஹெல்மெட்தான் வீடு. முட்டைகள் சேர்ந்தன. அப்புறம் ஒருநாள் காலையில் அது எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. கிட்டே போனால் உறுமியது.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்தே பழனாத்தாக்கா சொன்னாள், "அடைக்கு உக்காந்திருச்சுப்பா. அடை வெச்சுருங்க."

"முன்னமே சொல்லக் கூடாதா? பருப்பு ஊறோணுமே" என்று அலறிக்கொண்டு சென்னியப்பன் உள்ளே ஓடினான். துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, அரிசி எல்லாம் ஊறியது. அவன் ஆட்டுக்கல்லில் மாவை அரைத்தான்.

"மொறுமொறுன்னு ஊத்தட்டுமா, மெத்துன்னு ஊத்தட்டுமா?"

"கோழிக்குப் பல்லில்ல" என்றான் அத்தப்பன் யோசித்து. "மெத்துன்னே ஊத்து."

வாழையிலை விரித்து, ஹெல்மெட்டுக்கு முன்னால் சூடாக இரண்டு அடையை வைத்து, நாச்சிமுத்து விசிறிக்கொண்டிருந்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பாவாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பின்னாலேயே மயிலாத்தாள்.

நாச்சிமுத்து விசிறியோடு எழுந்து நின்றான். மயிலாத்தாள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தாள். ஹெல்மெட்டைப் பார்த்தாள். கோழியைப் பார்த்தாள். இலையைப் பார்த்தாள்.

"என்ன இது?"

"அடைக்கு உக்காந்திருக்குதுங்க அத்தை" என்றான் அவன்.

மயிலாத்தாளின் முகம் இறுகியது. பாவாயி கண்ணை மூடிக்கொண்டாள். பையைத் தூக்கிக்கொண்டு இப்படியே திரும்பிப் போகவேண்டியதுதான் என்று நாச்சிமுத்து நினைத்துக்கொண்டான்.

"ஏம்ப்பா, அடைக்குத் தொட்டுக்க வெல்லம் எங்கே?" என்றாள் மயிலாத்தாள். "வெறும் அடைய எப்படித் திங்கும் பாவம்?"

மூவருக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. சென்னியப்பன் வெல்லத்துக்கு ஓடினான்.

மயிலாத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். "புள்ளத்தாச்சிக்கு முட்டை அரைவேக்காடாத்தான் குடுக்கோணும். செய்யத் தெரியுமா?"

வெள்ளைக் கோழி அன்று வைத்த முட்டையை நாச்சிமுத்து எடுத்துவந்தான். பாதிதான் வேகவேண்டும் என்பதால் நடுவில் கரியால் ஒரு கோடு போட்டான். கீழ்ப்பாதி வெந்நீரில் முங்கும்படி மேல்பாதியை விரலால் பிடித்துக்கொண்டு நின்றான். ஆவியில் விரல் வெந்தது. முட்டையை விடவில்லை.

"அட, கூர்ப்பக்கம் மேல வரோணுமப்பா" என்று மயிலாத்தாள் திருப்பிப் பிடிக்கச் சொன்னாள். "அதுதான் தலை. தலைக்குச் சூடு ஆகாது."

வெந்த பாதியைப் பாவாயி உரித்துத் தின்றாள். "எத்தனை நாள் ஆசைண்ணா" என்று அவள் சிரித்தபோது நாச்சிமுத்துவின் விரல் எரிச்சலெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"இந்த மாதிரிப் பக்குவமான வீடு எங்கே கிடைக்கும்?" என்று மயிலாத்தாள் அவன் தலையை வருடினாள். "பிரசவம் வரைக்கும் அவ இங்கேயே இருக்கட்டும்."

"அத்தை, இந்தப் பச்சைப் பாதி?" என்று நாச்சிமுத்து ஓட்டோடு மிச்சமிருந்ததைக் காட்டினான்.

"அதைக் கோழிகிட்டயே திருப்பிக் குடு. மிச்சப் பாதியைப் போட்டு முழுசாக்கித் தரட்டும். நானும் ஒரு முழு முட்டை தின்னுட்டே ஊருக்குக் கிளம்பறேன்."

அவன் கொண்டுபோய் வெள்ளைக் கோழிக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தான். மயிலாத்தாள் எதிரில் பாயை விரித்து உட்கார்ந்தாள்.

பாவாயிக்குப் பெண் குழந்தை பிறந்து, அது குப்புற விழுந்து, இப்போது வீடு முழுக்கத் தவழ்கிறது. மயிலாத்தாள் இன்னும் ஊருக்குப் போகவில்லை. கேட்டால், "கிட்டத்தட்ட முடிச்சிருச்சு, ஓடுதான் பாக்கி" என்கிறாள்.