கோமதிக்கு வைக்கும் முட்டை

செம்மணல் தேரிக்காட்டு ஓரத்தில் தகரக் கூரை போட்ட குடிசையில் வெயிலுகந்தாள் இருந்தார். அவரைக் குரு என்று சொல்லிக்கொண்டு பத்துப் பேர் வந்து போவார்கள். அவர் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டதில்லை. ஏழு கோழி வளர்த்தார். முட்டையை விற்க மாட்டார், வருகிறவர்களுக்குக் கொடுத்துவிடுவார்.

சீடர்களில் மூத்தவர் ஆறுமுகநயினார். சரக்குக் கப்பலில் முப்பத்திரண்டு வருடமாகச் சமையல்காரர். குருவைவிடப் பதினைந்து வயது பெரியவர் என்பதால் குருவே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் வீட்டுக்கு ஒரு எட்டு போய்த் தலையைக் காட்டிவிட்டு, மீதி நாளை மனிதர் இங்கேதான் கழிப்பார். மனசுக்கு அமைதி வேண்டுமாம்.

இந்தத் தடவை அவர் வந்தது விடுமுறைக்கு அல்ல. மகள் கோமதி காய்ச்சலில் செத்துப்போனாள். பத்தொன்பது வயது. சேதி கப்பலுக்குப் போய், கப்பல் கரை தொட்டு, அவர் வீடு வந்து சேர இருபது நாள் ஆகிவிட்டது. பெற்ற பிள்ளையின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. மனைவி செண்பகவல்லி ஒரு சொம்புத் தண்ணீரைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அழவும் இல்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். அதற்குமேல் அந்த வீட்டில் இருக்க முடியாமல் இங்கே வந்துவிட்டார்.

வந்து ஆறாவது நாள் காலையில், கடைக்குப் போய் ஒரு அட்டை நிறைய முட்டை வாங்கிக்கொண்டு குருவின் முன்னால் வந்து நின்றார். குரு அப்போது கோழிக் கூடையிலிருந்து முட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, கோழி வளக்குற வீட்டுக்கு முட்டை வாங்கிட்டு வந்திருக்கீங்க?"

"நாளைக்கு முப்பதாம் நாளும்மா. படையல் போடணும். அவளுக்குப் பிடிச்ச முட்டைய அவ அப்பாவே வந்து செய்யட்டும்னு வீட்ல சொல்லி அனுப்பியிருக்கா."

"போய்ச் செய்ய வேண்டியதுதானே."

"கோமதிக்கு முட்டைன்னா உசிரு. அது தெரியும். எப்படிச் செஞ்சா பிடிக்கும்னுதான் தெரியலம்மா."

குரு கூடையில் கிடந்த நாலு முட்டையில் மூன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"ஒண்ண ஏன் விட்டுட்டீங்க?"

"எல்லாத்தையும் எடுத்துட்டா கோழி நாளைக்கு இங்க வராது. எங்கயாவது புதருக்குள்ள போய் இடும். ஒண்ணு கிடந்தாத்தான் இது நம்ம இடம்னு திரும்பி வரும்."

நயினார் அந்த ஒற்றை முட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கப்பல்ல எத்தனை ஊர்க்காரங்களுக்கு முட்டை செஞ்சு போட்டிருப்பீங்க?" என்று கேட்டார் குரு.

"அத ஏன் கேக்கீங்க." அவர் குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது. "ஜப்பான்காரனுக்குச் சுடுசோத்து மேல பச்சை முட்டைய உடைச்சு ஊத்தணும். பிலிப்பைன்ஸ்காரன் குஞ்சு உருவான வாத்து முட்டைய அவிச்சு, ஓட்டுல ஓட்டை போட்டுத் தண்ணிய உறிஞ்சிட்டுத்தான் திம்பான். சீனாக்காரன் சுண்ணாம்பும் சாம்பலும் பூசி மாசக்கணக்குல மூடி வச்சிருப்பான், கறுத்துப்போய்க் கண்ணாடி மாதிரி இருக்கும். எங்க கேப்டன் வெள்ளைக்காரன். மஞ்சக்கரு ஒழுகணும், வெள்ளைக்கரு கட்டியிருக்கணும். அரை நிமிசம் கூடிப்போச்சுன்னா தட்டு திரும்பி வந்துரும். ஒருத்தனுக்கும் இன்னொரு தடவை கேட்டுச் செஞ்சதில்லம்மா. எல்லாம் மனப்பாடம்."

"துக்கத்துக்கு யாரும் முட்டை கேட்டதுண்டா?"

அவர் யோசித்தார்.

"உண்டு. யூதப் பையன் ஒருத்தன். அம்மா செத்துட்டான்னு நடுக்கடல்ல சேதி வந்தது. அவங்க ஊர்ல புதைச்சிட்டு வந்ததும் அவிச்ச முட்டைதான் தருவாங்களாம். துக்கக்காரன் தானா எடுத்துத் திங்கக் கூடாது, அடுத்த மனுசன்தான் தரணுமாம். நான்தான் குடுத்தேன். ஏன் முட்டைன்னு கேட்டேன். முட்டைக்கு வாய் கிடையாது, துக்கக்காரனுக்கும் வாய் கிடையாதுன்னான்."



"கோமதிக்கு எப்பவாவது செஞ்சு குடுத்திருக்கீங்களா அண்ணாச்சி?"

நயினார் தலையைக் குனிந்துகொண்டார். உலகத்துக்கெல்லாம் ஆக்கிப் போட்டவர், சொந்த வீட்டு அடுப்படியில் ஒரு நாள் நின்றதில்லை. ஊருக்கு வந்தாலாவது சமையல்காரனுக்கு ஓய்வு வேண்டாமா என்பார்.

"போன தடவை கேட்டா. கையில ஒரு முட்டைய வச்சுக்கிட்டு வந்து, கப்பல்ல செய்யுத மாதிரி ஒண்ணு செஞ்சு தாங்கப்பான்னா. அடுத்த லீவுக்குப் பாப்போம்னு சொல்லிட்டேன்."

கையிலிருந்த அட்டையைக் கீழே வைத்தார்.

"அதான் இத்தனை வாங்கியிருக்கேன். அவிச்சு, பொரிச்சு, ஆம்லேட் போட்டு, எனக்குத் தெரிஞ்ச எல்லா விதத்துலயும் செஞ்சு இலையில வச்சிருதேன். ஏதாவது ஒண்ணு அவளுக்குப் பிடிச்சதா இருக்கும்லா."

"எல்லாத்தையும் வச்சு, பிடிச்சத எடுத்துக்கோன்னு சொல்லுறது முகம் தெரியாத விருந்தாளிக்கு அண்ணாச்சி. பிள்ளைக்கு ஒண்ணுதான் வைக்கணும்."

"அந்த ஒண்ணு எதுன்னு யாருகிட்டம்மா கேப்பேன்?"

"வீட்ல கேளுங்க."

"செண்பகத்துகிட்டயா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேப்பேன்? பெத்த பிள்ளைக்கு என்ன பிடிக்கும்னு தெரியாத அப்பனாயிட்டேனே. எனக்குத் தெரியும்னு நம்பித்தானே அவ சொல்லி அனுப்பியிருக்கா."

குரு மடியிலிருந்த மூன்று முட்டையில் ஒன்றை எடுத்து, முந்தானையில் துடைத்து, அவர் கையில் வைத்தார். அது இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"இல்ல அண்ணாச்சி. உங்களுக்குத் தெரியாதுன்னு தெரிஞ்சுதான் சொல்லி அனுப்பியிருக்கா. முப்பது நாளா அவகிட்ட யாரும் கோமதியப் பத்தி ஒண்ணும் கேக்கல."