இரண்டு பந்தலுக்கு நடுவே ஒரு வேலி

மலையடிவாரத்தில் இருந்த அந்தச் சிறிய மடத்துக்கு வடிவாம்பாள் அம்மை குரு. மூத்த சீடர் மாசிலாமணி, அம்மையைவிடப் பத்து வயது பெரியவர். கொல்லையில் அவரைப் பந்தல் போடுவது ஒன்பது வருடங்களாக மாசிலாமணியின் வேலை. பொங்கலன்று அம்மையின் இலையில் முதலில் விழுவது அந்தப் பந்தலில் காய்த்த அவரைக்காய்க் கூட்டுதான். மடத்தில் தனக்கென்று அவர் வைத்திருந்தது அந்த ஒரு பெருமையை மட்டும்.

ஆடி மாதம் செங்கமலம் என்றொரு பெண் சீடராக வந்து சேர்ந்தாள். கொல்லையின் மேற்குப் பாதியை அவளுக்குக் கொடுத்தார்கள். அவள் புடலை போட்டாள். புரட்டாசியில் காய்கள் தரையைத் தொட்டன. ஒரு மத்தியானம் புடலங்காய்ப் பொரியலை வாயில் வைத்த அம்மை, "ஆகா!" என்றார்.

ஒன்பது வருடத்தில் அவரைக்காய்க்கு ஒரு "ஆகா" விழுந்ததில்லை. மாசிலாமணிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் அம்மையிடம் போய் நின்றார்.

"அம்மா, கொல்லைக்கு நடுவுல ஒரு வேலி போடணும். எதுல போட்டா நல்லது?"

"எதுக்கு வேலி?"

"ஆடு வருது."

"நடுக்கொல்லைக்கா?"

"ஆட்டுக்கு நடுவு, ஓரமெல்லாம் தெரியுமாம்மா?"

அம்மை சிரித்தார். "எது தோதுப்படுதோ அதுல போடுங்க. போட்டுப் பாத்துட்டு எனக்கும் சொல்லுங்க."

கருவேல முள்ளை வெட்டி வந்து அடைத்தார். முள் நன்றாகத்தான் நின்றது. ஆனால் புடலங்காயை மறைக்கவில்லை. நேற்று பதினான்கு தொங்கின, இன்று பதினேழு.

முள்ளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மூங்கில் தட்டி கட்டினார்.

"முள்ளு என்னாச்சு?" என்று கேட்டார் அம்மை.

"ஆடு தாண்டிடுச்சும்மா."

"எத்தனை ஆடு?"

"ஒண்ணுதான்."

தட்டியில் மூங்கில் பிளாச்சுகளுக்கு நடுவே சந்து இருந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டால் மறு கண்ணுக்கு எல்லாம் தெரிந்தது.

அதன்மேல் தென்னங்கீற்றை வைத்துக் கட்டினார். இப்போது ஒன்றும் தெரியவில்லை. அது இன்னும் மோசமாகிப்போனது. அந்தப் பக்கம் செங்கமலம் சிரித்தால், எதற்குச் சிரிக்கிறாள்? அம்மையின் குரல் கேட்டால், அங்கே இன்னொரு "ஆகா"வா? விடியற்காலையில் எழுந்து அவரைக்கு அடுப்புச் சாம்பல் தூவ வேண்டிய நேரத்தில், வேலியில் காதை வைத்துக்கொண்டு நின்றார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கீற்றை விரலால் விலக்கினார்.

"அண்ணே," என்றாள் செங்கமலம் மறுபக்கத்திலிருந்து. "கார்த்திகை பொறந்தாச்சு. அவரைக்கு இன்னும் சாம்பல் தூவலையா? அசுவினிப் பூச்சி விழுந்துடுமே."

"எனக்கே சொல்லித்தர்றியாக்கும்! நீ உன் காயைப் பாரு."

"அதைத்தான் நீங்க பாத்துக்கிட்டிருக்கீங்களே, அண்ணே."

விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். அதன்பிறகு அவர் வேறொரு கீற்றை விலக்கிக்கொண்டார்.

பொங்கலுக்கு முந்தின நாள், கூட்டுக்குக் காய் பறிக்க அம்மை கூடையோடு கொல்லைக்கு வந்தார். அவரைப் பூங்கொத்துகளில் அசுவினி கறுப்பாக அப்பியிருந்தது. பிஞ்சுகள் சுருண்டு கிடந்தன. கொடியைத் தொட்ட விரல் பிசுபிசுத்தது. அம்மை கூடையைக் கீழே வைத்தார்.

பிறகு வேலியோரமாக நடந்தார்; மாசிலாமணியும் பின்னால் போனார். மழைக்குக் கொல்லையெங்கும் புல் மண்டிக் கிடந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் மட்டும், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஓரடி அகலத்துக்கு ஒரு புல் இல்லை. தரை களம்போல இறுகியிருந்தது.

"அந்த ஒரு ஆடு வந்துச்சா?"

மாசிலாமணி தலை குனிந்துகொண்டார்.

"தடம் நல்லாத் தெரியுது," என்றார் அம்மை.

மாசிலாமணி வேலியைக் காட்டினார். "கீத்துதாம்மா சரியில்லை. தகரம் அடிச்சுட்டா எல்லாம் சரியாயிடும். வேலிக்குத் தகரம்தான் நல்லது."

அம்மை காலிக் கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"தகரம்னா ஆணி அடிக்கணுமே," என்றார். "ஒரு ஆணி ஓட்டை போதாதா உங்களுக்கு?"