நடுக்கோடு

மாலை நாலே கால் மணிக்கு மூன்றாவது அட்டையும் தீப்பிடித்தது. படம் வரைந்தவர் அருளப்பன்.

மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வயது அறுபத்தொன்று. அவருக்குக் கணினியில் வரையக் கற்றுக்கொடுக்கும் அஃப்ரினுக்கு இருபத்து நான்கு. திருச்சியில் ஒரு மாடியில் லேசரால் அட்டை வெட்டும் கூடம் நடத்துகிறார்.

அஃப்ரின் ஈரத்துணியோடு தயாராகவே நின்றிருந்தார். மூடியைத் திறந்து தீயை அமுக்கினார்.

"உன் மெஷின்ல கோளாறும்மா," என்றார் அருளப்பன்.

"நேத்து இதே மெஷின் நூறு கல்யாணப் பத்திரிகை வெட்டுச்சு சார். ஒண்ணுகூடக் கருகலை."

"கல்யாணம்னா வெட்டும், வீடுன்னா எரிக்குமா?"

"வீடு எரியலை. நடுக்கோடு மட்டும்தான் எரியுது. முதல் அட்டையிலேயே சொன்னேன். நீங்க மெஷினைத் திட்டிக்கிட்டு இருந்தீங்க."

அப்பா விட்டுப்போன மனையில் அருளப்பனும் தங்கை செலினும் ஒட்டினாற்போல் இரண்டு வீடு கட்டவேண்டும். நடுவில் ஒரே சுவர் போதும் என்றார் செலின். இரண்டு சுவர் வைத்தால் கட்டில் போட்டபின் கதவு திறக்காது என்பது அவர் கணக்கு. என் சுவர் எனக்கு, உன் சுவர் உனக்கு என்றார் அண்ணன். ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவாகாவிட்டால் தன் பாதியை வெளியாளுக்கு விற்றுவிடுவதாகத் தங்கை சொல்லிவிட்டார். அன்று எல்லோர் முன்னாலும் அட்டை வீட்டை வைத்து வாயை அடைக்கலாம் என்பது அருளப்பனின் எண்ணம். அட்டை எரிந்த நாள் வெள்ளிக்கிழமை.

"ஒரே சுவர்னா என்ன ஆகும் தெரியுமா? அவ வீட்டுக்காரர் டிவி மாட்ட ஆணி அடிப்பார். என் பக்கம் காரை விழும்."

"சார், நடுக்கோட்டை எத்தனை தடவை போட்டீங்க?"

"ஒரே தடவை."

"நல்லாப் பாருங்க."

"கண்ணாடி போட்டுத்தான் பாக்கறேன் குருவே. ஒரே கோடு."

அஃப்ரின் மவுஸை வாங்கினார். திரையில் இடப்பக்கத்துக் கட்டத்தைப் பிடித்து இழுத்தார். கட்டம் முழுதாக நகர்ந்தது. நடுக்கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

"இது எது?"

"என் வீடு. நாலு சுவர்."

"அது?"

"செலின் வீடு. அதுக்கும் நாலு சுவர். வேற எப்படி வரைவாங்க?"

"லேசர் உங்க சுவரை வெட்டுது. திரும்பி வந்து அதே இடத்துல அவங்க சுவரை வெட்டுது. ரெண்டாவது தடவை வெட்ட அங்க அட்டை இல்லை. ஓரம் எரியுது."

அருளப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அஃப்ரின் கட்டத்தைப் பழைய இடத்துக்கே தள்ளினார். மறுபடியும் ஒரே கோடு.

"ஒண்ணை அழிங்க."

"எதை?"

"எதை வேணா."

"அதெப்படி? அவளோடதை அழிக்கறேன்."

அழித்தார். திரையில் எதுவும் மாறவில்லை.

"அழிஞ்சுதா?" என்றார் அருளப்பன்.

"அழிஞ்சுது."

"அப்படியேதானே இருக்கு?"

"ஆமா."

"என்னோடதை அழிச்சிருந்தா?"

"இப்படியேதான் சார் இருந்திருக்கும். போதுமா? வெட்டலாமா? ஆறு மணிக்கு வேற ஆள் வர்றாங்க."

நாலாவது அட்டை உள்ளே போனது. புகை எழவில்லை. இரண்டு வீட்டின் தரையும் கருகாமல் தனித்தனியாக வந்தன.

அருளப்பனுக்கு அப்போதும் ஆறவில்லை.

"நடுவில இருக்கறது என் கோடுன்னு ஞாயித்துக்கிழமை எப்படிக் காட்டறது?"

அஃப்ரின் இரண்டு துண்டுகளையும் அவர் கையில் வைத்தார்.

"இந்த ரெண்டு ஓரத்துல உங்க கோடு எதுன்னு முதல்ல எனக்குக் காட்டுங்க."

அருளப்பன் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

மறு ஆண்டு பிப்ரவரி 9ஆம் தேதி பங்குத்தந்தை இரண்டு வீடுகளையும் மந்திரித்துத் திறந்து வைத்தார். நடுச்சுவர் ஒன்று. மார்ச் 2ஆம் தேதி செலினின் கணவர் டிவி மாட்ட அதில் ஆணி அடித்தார். அருளப்பன் பக்கம் கொஞ்சம் காரை விழுந்தது.