இதயத்தின் ஓசையை நறுக்கியவர்

பொற்கொடி ஆசிரியையிடம் பாடம் கேட்டவர்களில் சவரிமுத்துதான் மூத்தவர். ஆசிரியையை விடவும் மூத்தவர். ரேடியோ ரிப்பேர் கடையை மூடிவிட்டு, இதயத்தின் ஓசையைக் கணினியில் படமாக்கும் வேலை படிக்க வந்திருந்தார். கைவேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம் காரம்.

அன்று ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு இதயப் பரிசோதனை முகாம். ஆசிரியையும் சவரிமுத்துவும் கணினியோடு வந்திருந்தார்கள். தர்ஷினி என்ற சிறுமியின் நெஞ்சில் டாக்டர் குழலை வைத்துக் கேட்டார். துடிப்போடு மெல்லிய இரைச்சலும் இருந்தது. பயத்தில் பிள்ளையின் இதயம் ஓடிய ஓட்டத்தில், அது எந்த நேரத்தில் வருகிறது என்று பிடிபடவில்லை.

“இதயம் சுருங்கும்போது வந்தா பொறுத்துப் பார்க்கலாம். ஓயும்போது வந்தா இன்னைக்கே ஸ்கேனுக்கு அனுப்பணும். படம் போட்டுச் சொல்லுங்க” என்றார் டாக்டர், சவரிமுத்துவிடம்.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் வேன் வாசலில் நின்றது. சிறுமியின் அம்மா இசக்கியம்மாள் எட்டிப் பார்த்தாள்.

“வண்டியில ஏறணுமா, வீட்டுக்குப் போலாமாண்ணே?”

“பொறும்மா. படம் இன்னும் வேகல.”

உண்மையில் வெந்துகொண்டிருந்தது சவரிமுத்துதான். பதிவான ஓசையைக் கணினி துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டிலும் என்ன சுருதி என்று பார்க்கும். துண்டைச் சின்னதாக்கினால் இரைச்சல் எப்போது வருகிறது என்று தெரிந்தது, சுருதி குழம்பியது. பெரிதாக்கினால் சுருதி தெளிந்தது. எப்போது என்பது கரைந்து போனது. கூட்டினார், குறைத்தார், மறுபடி கூட்டினார். கடைசியில் மேசையைத் தட்டினார்.

“டீச்சர், நானும் பேசிப் பார்த்துட்டேன், மசிய மாட்டேங்குது. நேரத்தைக் கொடுத்தா சுருதியைப் பிடுங்கிக்கிது. சுருதியைக் கொடுத்தா நேரத்தைப் பிடுங்கிக்கிது. இது மிஷினா, தரகனா? ரெண்டும் சுத்தமா கிடைக்க என்ன வழி?”

ஆசிரியை தலைக்கு மேல் சுற்றிய மின்விசிறியைக் காட்டினார்.

“கண்ணை மூடுங்கண்ணே. சட்டுனு திறந்து, அதைப் பார்த்துட்டு உடனே மூடுங்க.”

முறைத்துவிட்டு, சொன்னபடி செய்தார்.

“இறக்கை எங்கே இருந்துச்சு?”

“ஒண்ணு கரும்பலகைப் பக்கம் நின்னுச்சு.”

“எவ்வளவு வேகம்?”

“நின்ன இறக்கைக்கு ஏது வேகம்?”

“இப்போ மூடாமப் பாருங்க.”

“நல்ல வேகமாத்தான் சுத்துது.”

“இறக்கை எங்கே?”

சவரிமுத்து அண்ணாந்தபடியே இருந்தார். “எங்கேன்னு சொல்றது? வட்டமாத்தான் தெரியுது.” பிறகு சட்டென்று திரும்பினார். “ஃபேன்ல ஒரு கோளாறும் இல்லையே, டீச்சர்.”

“மிஷின்லயும் இல்லண்ணே.”

அவர் மறுபடி கணினியின் முன் குனிந்தார். துண்டை மிகச் சின்னதாக்கினார்.

திரையில் லப், டப் இரண்டும் தனித்தனியே நிமிர்ந்து நின்றன. டப் முடிந்து அடுத்த லப் வருவதற்குள், இதயம் ஓய வேண்டிய இடத்தில், மங்கலாக ஒரு கறை. அடுத்த துடிப்பிலும் அதே இடம். அதற்கடுத்ததிலும்.

“ஓயும்போதுதான் வருது” என்றார். குரலில் காரம் இறங்கியிருந்தது. உடனே மறுபடி ஏறியது. “ஆனா சுருதி பூராவும் கலங்கிக் கிடக்கே! இந்த அரைகுறையை டாக்டர் கையில கொடுத்தா என் பேர் என்னத்துக்காகும்?”

“வாசல்ல அந்தம்மா என்ன கேட்டாங்க?”

“ஏறணுமான்னு.”

“படம் என்ன சொல்லுது?”

“ஏறத்தான் சொல்லுது.”

சவரிமுத்து படத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். டாக்டர் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தலையசைத்தார். இசக்கியம்மாள் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினாள். வேன் கிளம்பியது.

திரும்பி வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்தார்.

“இருந்தாலும் அது என்ன சுருதிதான், டீச்சர்?”

“பிள்ளை நல்லபடியா திரும்பி வரட்டும்ணே. அப்புறம் துண்டை எவ்வளவு வேணும்னாலும் நீட்டிக் கேட்போம்.”