கழுத்துப்பட்டை கட்டிய பனிமான்

ஒரு காட்டில் என்று இந்தக் கதையைத் தொடங்க முடியாது, குழந்தைகளே. உலகத்தின் வட கோடியில் நடந்த கதை இது. அங்கே மரங்கள் முளைப்பதில்லை. கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பனியும் பாறையும்தான். பாறையில் படரும் பாசியைத் தின்று, ஒரு பனிமான் கூட்டம் அங்கே வாழ்ந்து வந்தது.

கூட்டத்தை நடத்திச் சென்றது ஒரு பெண்மான். எப்போதும் முன்னால் நடப்பதால் அதற்கு முன்னத்தி என்று பெயர். எதையும் சட்டென்று நம்பாதது அதன் குணம். நேற்று நடந்த பாதையைக்கூட இன்று முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கால் வைக்கும்.

அதே கூட்டத்தில் மினுக்கி என்று இன்னொரு பெண்மான் இருந்தது. அதற்கு ஒரு கன்று உண்டு. யாராவது புகழ்ந்து இரண்டு வார்த்தை சொன்னால் போதும், மினுக்கிக்குப் பசிகூட மறந்துவிடும்.

ஒரு கோடையில் ஆராய்ச்சியாளர்கள் சிலர் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார்கள். பனிமான்கள் எந்த வழியாகப் போகின்றன, எங்கே மேய்கின்றன, எங்கே சாகின்றன என்று அறிந்துகொள்ள அவர்கள் விரும்பினார்கள். மினுக்கிக்கு மயக்க ஊசி போட்டு, அதன் கழுத்தில் ஒரு பட்டையைக் கட்டினார்கள். மினுக்கி எங்கே போனாலும், அந்த இடத்தைப் பட்டை அவர்களுக்குச் சொல்லிவிடும். அவர்கள் கொடியவர்கள் அல்லர். மினுக்கி கண் விழித்து எழுந்து நிற்கும்வரை தள்ளி நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்கள்.

மனித வாடை வீசியதால் மற்ற மான்கள் மினுக்கியை விட்டு விலகி நின்றன. அது தலையைக் குனிந்துகொண்டு தனியாக மேய்ந்தது.

இதை ஒரு வெள்ளை நரி பார்த்தது. மான்கள் போகும் வழியெல்லாம் பின்னாலேயே போய், செத்ததைத் தின்பது அதன் பிழைப்பு. அந்த ஆண்டு எலிகள் குறைவு. முன்னத்தியின் எச்சரிக்கையால் மான்களும் சாகவில்லை. நரியின் விலா எலும்புகள் வெளியே தெரிந்தன.

"ஏன் அக்கா, முகம் வாடியிருக்கிறது?" என்று கேட்டது நரி.

"கழுத்தில் எதையோ கட்டிவிட்டார்கள். எல்லாரும் என்னை ஒதுக்குகிறார்கள்."

"ஒதுக்குகிறார்களா? மரியாதைக்காக விலகி நிற்கிறார்கள். இத்தனை மான்களில் மனிதர்கள் உங்களை அல்லவா தேடி வந்தார்கள்? முன்னத்தியின் கழுத்தில் எதையாவது கட்டினார்களா?"

"இல்லை."

"வானத்தில் பறக்கத் தெரிந்தவர்களுக்கு, யார் தலைவி என்று தெரியாமலா போகும்? உங்களுக்கு ஒன்று என்றால் அவர்கள் சும்மா இருப்பார்களா, அக்கா?"

மினுக்கி மெல்லத் தலையை நிமிர்த்தியது. அன்றிலிருந்து அது நிமிர்ந்தே நடந்தது. நரியின் பேச்சு ஒவ்வொரு மானின் காதுக்கும் போய்ச் சேர்ந்தது. விலகி நின்ற மான்கள் ஒவ்வொன்றாக மினுக்கியின் பக்கத்தில் வந்து மேயத் தொடங்கின.

குளிர்காலம் வந்தது. ஆனால் அந்த ஆண்டு அது வழக்கம்போல் வரவில்லை. பனி விழவேண்டிய நாட்களில் மழை பெய்தது. பெய்த மழை தரையிலேயே உறைந்து, பாசியின் மேல் கண்ணாடிபோல மூடிக்கொண்டது. மான்கள் குளம்பு தேயச் சுரண்டியும் ஒரு வாய்ப் பாசி கிடைக்கவில்லை.

பசியோடு நடந்து நடந்து, கூட்டம் ஓர் அகன்ற ஆற்றின் கரைக்கு வந்தது. ஆறு உறைந்திருந்தது. அக்கரையில் காற்று பனியைத் துடைத்துவிட்ட மேடுகளில் பாசி தெரிந்தது.

முன்னத்தி பனிக்கட்டியின் மேல் குளம்பால் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டது. "இன்னும் சரியாக இறுகவில்லை. நம் பாரத்தை இது தாங்காது. மேலே மலைப்பக்கம் ஆறு குறுகலாக இருக்கும். அங்கே போய்க் கடப்போம்" என்றது.

"மலைப்பக்கம் ஓநாய்கள் இருக்கின்றன. கன்றுகளால் இனி ஓர் அடி நடக்க முடியாது" என்றது மினுக்கி.

"ஓநாய் வந்தால் ஓடலாம். தண்ணீரில் விழுந்தால் எங்கே ஓடுவது?"

நரி கரையிலிருந்த ஒரு பாறைமேல் ஏறி உட்கார்ந்தது. "நான் சின்னப் பிராணி. எனக்கு என்ன தெரியும்? ஆனால் அந்தப் பட்டை வழியாக மனிதர்கள் மினுக்கி அக்காவை எந்நேரமும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் ஆற்றங்கரையில் நிற்பது இப்போதுகூட அவர்களுக்குத் தெரியும். ஆபத்து என்றால் பறந்து வந்து தடுத்திருக்க மாட்டார்களா? வானத்தைப் பாருங்கள்" என்றது.

எல்லா மான்களும் நிமிர்ந்து பார்த்தன. வானம் வெறுமையாக இருந்தது.

"நரி சொல்வது நியாயம்தானே?" என்றது ஓர் இளம் ஆண்மான்.

முன்னத்தி மினுக்கியின் அருகில் வந்தது. "உன் கழுத்தில் இருக்கும் பட்டை, நீ இருக்கும் இடத்தை அவர்களுக்குச் சொல்கிறது. சரி. அவர்கள் அறிந்த எதையாவது அது உன்னிடம் சொன்னதுண்டா?"

மினுக்கிக்குக் கோபம் வந்தது.

"உன் கழுத்தில் கட்டவில்லை என்ற பொறாமையில் பேசுகிறாய். வருகிறவர்கள் என்னோடு வாருங்கள்" என்றது.

சில மான்கள் மட்டும் முன்னத்தியின் பின்னால் மலைப்பக்கம் திரும்பின. மற்றவை எல்லாம் மினுக்கியின் பின்னால் ஆற்றில் இறங்கின.

"அம்மா, காலுக்குக் கீழே ஏதோ முனகுகிறது" என்றது கன்று.

"பயப்படாதே. நம்மைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. நீ மற்றவர்களோடு சேர்ந்து வா" என்றது மினுக்கி. பிறகு நரியைத் திரும்பிப் பார்த்து, "நீ வரவில்லையா?" என்று கேட்டது.

"நீங்கள் போங்கள் அக்கா. நான் பின்னால் வருகிறேன்" என்றது நரி.

மினுக்கி முன்னால் தனியாக நடந்தது. ஒற்றை மானைப் பனிக்கட்டி தாங்கியது. அது அக்கரையில் கால் வைத்த நேரம், மொத்தக் கூட்டமும் நடு ஆற்றில் நெருக்கிக்கொண்டு வந்தது. அந்தப் பாரத்தை ஆறு தாங்கவில்லை. ஒரு கரையிலிருந்து மறு கரைவரை விரிசல் ஓடியது. மான்கள் நின்ற இடத்தில் கறுப்புத் தண்ணீர் தெரிந்தது.

கொம்புகள் கொம்புகளில் சிக்கின. ஏற முயன்றவற்றின் குளம்புக்கடியில் பனிக்கட்டி மேலும் மேலும் உடைந்தது. கன்று "அம்மா" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டது.

மினுக்கி கரையோரம் முன்னும் பின்னும் ஓடியது. பட்டை நன்றாகத் தெரியும்படி கழுத்தை உயர்த்தி, வானத்தைப் பார்த்துக் கதறியது. தண்ணீர் அசைவது நிற்கும்வரை கதறியது. யாரும் வரவில்லை.

மறுநாள் ஹெலிகாப்டர் வந்தது.

மனிதர்கள் இறங்கி ஆற்றைப் பார்த்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். இன்னொருவர் பனிக்கட்டியின் தடிமனை அளந்தார். மூழ்கியவற்றுக்கு அவர்களால் இனி எதுவும் செய்ய முடியாது.

மினுக்கி அவர்களைக் கண்டு ஓடவில்லை. அவர்களை நோக்கி ஓடியது. "என் கன்று ஆற்றுக்குள் இருக்கிறது. எப்படியாவது எடுத்துக் கொடுங்கள்" என்று கெஞ்சியது.

மான் பேசுவது அவர்களுக்குப் புரியவில்லை. ஒரு காட்டு மான் மனிதர்களைத் தேடி வருவதை அவர்கள் அதுவரை கண்டதில்லை. அதைப் பற்றி வியப்போடு பேசிக்கொண்டார்கள். பிறகு மயக்க ஊசி போட்டார்கள்.

மினுக்கி கண் விழித்தபோது, பழைய பட்டைக்குப் பதிலாகக் கழுத்தில் புதுப் பட்டை இருந்தது. ஹெலிகாப்டர் வானத்தில் ஒரு புள்ளியாகப் போய்க்கொண்டிருந்தது. நடு ஆற்றில், உடைந்த பனிக்கட்டியின் விளிம்பில் நரி தின்றுகொண்டிருந்தது. அது தலையைத் தூக்கிப் பார்க்கவும் இல்லை.

சில நாட்கள் கழித்து, மலைப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு முன்னத்தி வந்து சேர்ந்தது. உடன் போனவற்றில் சிலவற்றை ஓநாய்கள் பிடித்துவிட்டன. மிஞ்சியவை எலும்பும் தோலுமாக நின்றன.

"மற்றவர்கள் எங்கே?" என்று கேட்டது முன்னத்தி.

மினுக்கி ஆற்றைப் பார்த்தது.

முன்னத்தி கரைவரை போய் ஆற்றை முகர்ந்து பார்த்தது. பிறகு, "மனிதர்கள் வந்தார்களா?" என்று கேட்டது.

"வந்தார்கள்."

"என்ன செய்தார்கள்?"

"எல்லாவற்றையும் பார்த்தார்கள்" என்றது மினுக்கி.

நீதி: நம்மைக் கவனிக்கிறவர்கள் எல்லாரும் நம்மைக் காக்கிறவர்கள் அல்லர்.